ஆணின் அணிகலனுக்கும் ஒரு வேலை வேண்டும்

1888-ல் சட்டம் படிக்க லண்டன் போன மோகன்தாஸ் காந்தி, கொஞ்ச காலம் ஆங்கிலக் கனவானாக வாழ்ந்து பார்த்தார். 19 ஷில்லிங் கொடுத்து உயரமான தொப்பி வாங்கினார். பாண்டு தெருவில் 10 பவுண்டு செலவில் மாலை விருந்துக்கான சூட் தைத்துக்கொண்டார். ஊரில் இருந்த அண்ணனிடம் கேட்டு, இரட்டை வடத்தில் தங்கக் கடிகாரச் சங்கிலி வரவழைத்தார். முடிச்சோடு விற்கும் ரெடிமேட் டை அணிவது முறையல்ல என்று அங்கே கருதப்பட்டதால், டை கட்டவும் பழகினார். தினமும் பெரிய கண்ணாடி முன் பத்து நிமிடம் நின்று டையையும் தலைமுடியையும் சரிசெய்ததை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

33 ஆண்டுகள் கழித்து, 1921 செப்டம்பர் 22 அன்று, மதுரை மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோது அவர் அரையாடைக்கு மாறினார். சட்டை போயிற்று, தொப்பி போயிற்று. கடிகாரத்தை மட்டும் அவர் விடவில்லை. இடுப்பில் தொங்கிய அந்தப் பாக்கெட் கடிகாரம் அவருடைய படங்கள் பலவற்றில் தெரிகிறது. அவர் வைத்திருந்த ஜெனித் வெள்ளிக் கடிகாரம் 2009 மார்ச்சில், மூக்குக்கண்ணாடி, செருப்பு ஆகியவற்றோடு நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது 18 லட்சம் டாலருக்குப் போனது.

எல்லாவற்றையும் துறந்தவர் கடிகாரத்தை ஏன் வைத்துக்கொண்டார்? அவருடைய நாள் நேரத்தைப் பார்த்து நடந்தது. கடிகாரம் அதற்கு உதவியது. தங்கச் சங்கிலிக்கு அப்படி ஒரு வேலை இல்லை. ஆண்கள் அணியும் பொருள்களைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது கடினம். டை பின், கஃப்லிங்க், கைக்கடிகாரம், பேனா, சட்டைப் பொத்தான் எதுவானாலும், அது என்ன வேலை செய்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். அந்த வேலையை நன்றாகச் செய்யும்படி உருவாக்கப்பட்ட பொருளில் அழகும் பெரும்பாலும் இருக்கும். பழைய பொருள்களில் அப்படிப்பட்டவை நிறைய உண்டு. அவற்றை விட்டுவிட்டு, அட்டைப்பெட்டிப் பளபளப்புக்குப் பணம் கொடுப்பது வீண்செலவு.

கல்யாணப் பெட்டி

முகூர்த்த மாதங்களில் தியாகராய நகரிலும் மதுரை, கோவை, திருச்சி கடைவீதிகளிலும் ரிசப்ஷனுக்குக் கோட் சூட் எடுக்கும் மாப்பிள்ளை வீட்டாரின் கைக்கு ஒரு ‘காம்போ’ பெட்டியும் வந்துவிடுகிறது. உள்ளே சாட்டின் துணியில் ஒரு டை, அதே துணியில் பாக்கெட் கைக்குட்டை, ஒரு டை பின், ஒரு ஜோடி கஃப்லிங்க். திறந்தவுடன் எல்லாமே மின்னும்.

டை பின்னைத் தனியாக எடுத்து உள்ளங்கையில் வைத்தால்தான் விஷயம் தெரியும். எடையே இருக்காது. அமுக்கித் திறந்தால் ஸ்பிரிங் சோம்பலாக எழும்பும். பின்பக்கப் பற்கள் மழுங்கியிருக்கும், அல்லது வெட்டிய விளிம்பு சீவப்படாமல் பட்டு இழையை இழுக்கும். ஓரத்தில் முலாம் சீராகப் பிடித்திருக்காது. இரண்டு மணி நேரம் மேடையில் நின்று வியர்த்தால் அந்த ஓரம்தான் முதலில் கறுக்கும். கஃப்லிங்க்கின் கதை இன்னும் மோசம். கடையில் எடுத்த சட்டையின் கைமுனையில் பெரும்பாலும் பட்டன் தைத்திருக்கும். கஃப்லிங்க் மாட்ட இரண்டு பக்கமும் காஜா எடுத்த, மடித்து விடும் கைமுனை வேண்டும். அது இல்லாததால் அந்த ஜோடி பெட்டியைவிட்டு வெளியே வருவதே இல்லை.

தமிழ்நாட்டு ஆண்களில் பலருக்கு டையோடு முதல் பழக்கம் எல்கேஜியில், எலாஸ்டிக் மாட்டிய ரெடிமேட் டையில் தொடங்குகிறது. பிறகு கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு நாள். பிறகு ரிசப்ஷனில் ஒரு மாலை. மூன்றுமே பிறர் சொல்லிக் கட்டியவை. டை என்றாலே கழுத்து இறுகும் எரிச்சல் வருவதற்கும், அதற்கான பின்னை யாரும் நிதானமாகத் தேர்ந்தெடுக்காததற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

டை பின் வந்த வழி

19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆண்கள் கழுத்தில் சுற்றியது அகலமான பட்டுத் துணி. மடிப்பு கலையாமல் இருக்க அதில் நீண்ட ஊசி ஒன்றைக் குத்தினார்கள். ஊசித் தலையில் முத்து, குதிரை லாடம், நரித்தலை என்று ஏதாவது ஒன்று இருக்கும். துணி தடிமனாக இருந்ததால் குத்தினாலும் தாங்கியது.

1920-களில் நியூயார்க்கைச் சேர்ந்த டை தயாரிப்பாளர் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் துணியைச் சாய்வாக வெட்டி, மூன்று துண்டுகளாக இணைத்துத் தைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முடிச்சை அவிழ்த்ததும் முறுக்கேறாமல் பழைய வடிவத்துக்குத் திரும்பும் நீண்ட டை இப்படித்தான் பரவியது. மெல்லிய பட்டில் ஊசியைக் குத்தினால் ஓட்டை மாறாது. டையையும் சட்டையையும் குத்தாமல் சேர்த்துப் பிடிக்க ஒரு கருவி தேவைப்பட்டது. நம் ஊரில் டை பின் என்று சொல்லப்படும் கிளிப் அந்தத் தேவைக்கு வந்தது.

அமெரிக்காவில் இது பெரிய தொழிலாகவே வளர்ந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆட்டில்பரோ நகரில் தொடங்கிய ஸ்வாங்க், ராச்செஸ்டர் நகரின் ஹிக்காக், நியூஜெர்சியின் கிரெமென்ட்ஸ் ஆகிய பெயர்கள் பொறித்த டை பின்கள் இன்றும் பழம்பொருள் சந்தையில் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஹிக்காக் நிறுவனம் 1950 முதல் அந்த ஆண்டின் சிறந்த தொழில்முறை விளையாட்டு வீரருக்குத் தங்கக் கொக்கியில் வைரம் பதித்த பெல்ட் ஒன்றைப் பரிசளித்துவந்தது. ஆணின் சிறு அணிகலன்களுக்கு அந்தக் காலத்தில் இருந்த மதிப்புக்கு இது ஒரு சான்று.

அரசியலும் டை பின்னைப் பயன்படுத்தியது. இரண்டாம் உலகப் போரில், 1943 ஆகஸ்ட் 2 அன்று, சாலமன் தீவுகள் அருகே ஜான் கென்னடி தலைமையில் சென்ற பி.டி.109 என்ற படகை ஜப்பானியப் போர்க்கப்பல் மோதி உடைத்தது. 13 பேரில் 11 பேர் பிழைத்தார்கள். 1960 தேர்தல் பிரசாரத்தில் அந்தப் படகின் வடிவிலேயே டை பின்கள் செய்து ஆதரவாளர்களுக்கு வழங்கினார்கள். அதிபரான பிறகும் கென்னடி அவற்றைப் பரிசாகக் கொடுத்தார். மேடைப் பேச்சில் சொல்லவேண்டிய போர்க்காலக் கதையை, விரல் நீளத்துக்கும் குறைவான ஓர் உலோகத் துண்டு ஆயிரக்கணக்கான நெஞ்சுகளில் சுமந்து சென்றது.

1960-களில் எடுத்த நாசா கட்டுப்பாட்டு அறைப் படங்களில் பொறியாளர்கள் பலர் அரைக்கை வெள்ளைச் சட்டையும் ஒல்லியான டையும் குட்டையான டை பின்னுமாக உட்கார்ந்திருப்பார்கள். குனிந்து எழுதும்போதும் கருவிகள்மீது சாயும்போதும் டை முன்னே விழாமல் இருக்க வேண்டும். பட்டறைகளில் இது உயிர்ப் பிரச்சினை. சுழலும் இயந்திரத்தில் டை மாட்டினால் ஆளையே இழுத்துவிடும்.

இந்தத் தேவை தமிழ்நாட்டில் யாருக்கு உண்டு? வெயிலில் டை கட்டிக்கொண்டு, பைக்கில் மருத்துவமனை மருத்துவமனையாகச் சுற்றும் மெடிக்கல் ரெப்புகளுக்கு உண்டு. காற்றில் டை தோளுக்குப் பின்னால் பறக்கும். சிலர் அதைச் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே செருகிக்கொண்டு ஓட்டுவதைப் பார்க்கலாம். ஓட்டல் வரவேற்பாளர், உணவு பரிமாறும் மேலாளர், விமான ஊழியர் ஆகியோருக்கும் இதே தேவைதான். டை பின்னின் நியாயம் இவர்களிடம்தான் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு ஒரு நாள் அலங்காரமாக இருப்பது இவர்களுக்கு அன்றாடக் கருவி.

எதைப் பார்த்து எடுப்பது?

முதலில் நீளம். டை பின் டையின் அகலத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. டை அகலத்தில் முக்கால் பங்கு இருந்தால் பார்வைக்குச் சரியாக இருக்கும். மூன்று அங்குல டைக்கு இரண்டேகால் அங்குலம் போதும். இரண்டங்குல ஒல்லி டைக்கு ஒன்றரை அங்குலம். பழைய பின் வாங்கும்போது இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். 1940-களில் டைகள் அகலமாக இருந்தன, பின்களும் நீளமாக இருந்தன. 1960-களின் தொடக்கத்தில் டை ஒல்லியானது, பின்னும் சுருங்கியது. 2007-ல் தொடங்கிய ‘மேட் மென்’ தொலைக்காட்சித் தொடர் அந்த ஒல்லி டை பாணிக்கு மறுவாழ்வு கொடுத்ததிலிருந்து குட்டைப் பின்களைத் தேடுவோர் அதிகம். கையில் இருக்கும் டையை அளந்துவிட்டுத்தான் பின்னைத் தேட வேண்டும்.

அடுத்தது பிடி. பின்பக்கம் ஸ்பிரிங்கும் பற்களும் வைத்து, முதலை வாய்போல் திறந்து மூடும் வகை ஒன்று. ஒரே தகட்டை மடித்து, பக்கவாட்டில் செருகும் வகை இன்னொன்று. கம்பளி, பின்னல் டைபோன்ற தடிமனான துணிக்கு முதல் வகை பொருந்தும். மெல்லிய பட்டுக்கு இரண்டாவது நல்லது. அதில் பற்கள் இல்லை, துணி காயப்படாது. ஆனால் பழைய மடிப்புப் பின்கள் காலப்போக்கில் வாய் விரிந்திருக்கும். வாங்கும் முன் இரண்டு விசிட்டிங் கார்டுகளைச் சேர்த்துச் செருகி, தலைகீழாகப் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். நழுவினால் வேண்டாம்.

மூன்றாவது, மாட்டும் இடம். சட்டையின் மூன்றாவது, நான்காவது பொத்தான்களுக்கு நடுவே, தரைக்கு இணையாக இருக்க வேண்டும். டையின் முன்பட்டை, பின்பட்டை இரண்டையும் சட்டையின் பொத்தான் பட்டியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். டையை மட்டும் பிடித்தால் டையோடு பின்னும் சேர்ந்து ஆடும், போட்டதே வீண். மாட்டியபின் முடிச்சுக்குக் கீழே டையை இலேசாக மேலே இழுத்துவிட்டால் கழுத்தைத் திருப்பும்போது இறுகாது. உள்ளே வெயிஸ்ட்கோட் போட்டிருந்தால் டை பின் தேவையில்லை. அந்த வேலையை வெயிஸ்ட்கோட்டே செய்துவிடுகிறது.

நிறத்தைப் பற்றி ஒரே விதி போதும்: கடிகாரம், பெல்ட் கொக்கி, டை பின் மூன்றும் ஒரே உலோக நிறத்தில் இருக்கட்டும். கல் பதித்தது, பிராண்டுச் சின்னம் பெரிதாகப் பொறித்தது, மீசை வடிவம், கிடார் வடிவம் எல்லாம் சீக்கிரம் சலித்துவிடும். ஒரு வெற்று வெள்ளிப் பட்டை முப்பது வருடத்துக்குச் சலிக்காது.

முத்திரையைப் படிக்கத் தெரிந்தால்

பழைய பொருளின் முன்பக்கம் ஆசைகாட்டும்; உண்மை பின்பக்கத்தில் இருக்கிறது. பிரிட்டனில் செய்த வெள்ளிப் பொருளாக இருந்தால் பின்னால் பொடிப்பொடியாகச் சில முத்திரைகள் தெரியும். நடந்துசெல்லும் சிங்கம் இருந்தால் அது 92.5 சதவீத ஸ்டெர்லிங் வெள்ளி. நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் சோதித்தது. சிறுத்தைத் தலை என்றால் லண்டன். கிரீடம் என்றால் 1975-க்கு முந்தைய ஷெஃபீல்டு. பக்கத்தில் இருக்கும் ஒற்றை எழுத்து சோதித்த ஆண்டைக் குறிக்கும். 1773-ல் தொடங்கிய பர்மிங்காம் சோதனை அலுவலகம் இன்றும் இயங்குகிறது. ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும், பொருளின் ஊரையும் ஆண்டையும் விற்பவரைக் கேட்காமலே சொல்லிவிடலாம்.

அமெரிக்கப் பொருள்களில் இந்த ஏற்பாடு கிடையாது. வெள்ளியாக இருந்தால் ‘ஸ்டெர்லிங்’ என்று பொறித்திருக்கும். தங்க நிறப் பொருளில் ‘1/20 12 கே ஜி.எஃப்.’ என்று இருந்தால், மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கு 12 காரட் தங்கத் தகடு, மிச்சம் பித்தளை போன்ற மலிவான உலோகம் என்று பொருள். சிதம்பரம் கவரிங் நகையைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஆனால் இதில் தங்கம் முலாமைவிடப் பல மடங்கு தடிமன். அதனால்தான் எழுபது வருடத்துக்கு முந்தைய பின்கள்கூட நிறம் மாறாமல் வருகின்றன. எதுவுமே பொறிக்காத ‘விண்டேஜ் தங்க டை பின்’னுக்கு முலாம் விலைக்கு மேல் ஒரு ரூபாயும் தரத் தேவையில்லை.

நம் நாட்டில் தங்க நகைக்கு ஹால்மார்க் 2021-லிருந்து படிப்படியாகக் கட்டாயமானது. ஆறு எழுத்து, எண் கொண்ட எச்.யு.ஐ.டி. என்ற அடையாளக் குறியீடு இல்லாத நகையைக் கடைகள் 2023 ஏப்ரல் 1 முதல் விற்க முடியாது. வீட்டில் இருக்கும் பழைய தங்கப் பொத்தானில் இது இருக்காது. அதற்காக அது போலி என்று பயப்பட வேண்டியதில்லை. பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற மையத்தில் கொடுத்துத் தரத்தைச் சோதித்துக்கொள்ளலாம்.

நம் வீட்டுப் பழமை

விண்டேஜ் என்றதும் லண்டன், நியூயார்க் ஏல அறைகளை நினைக்க வேண்டியதில்லை. ஜிப்பாவுக்குத் தங்கப் பொத்தான் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் தாத்தாக்களிடம் இருந்தது. பொத்தான்களை மெல்லிய சங்கிலியால் கோத்திருப்பார்கள். சலவைக்குப் போகும்போது கழற்றி, மறுபடி மாட்டிக்கொள்ளலாம். மேற்கத்திய விருந்துச் சட்டையில் போடும் ஸ்டட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. பல வீடுகளில் அந்தப் பொத்தான்கள் உருக்கப்பட்டு வளையலாகிவிட்டன. தப்பியவை லாக்கரில் தூங்குகின்றன. பேரனின் கல்யாணத்துக்குக் காஜா எடுத்த பட்டுச் சட்டை ஒன்று தைத்தால், அவை மறுபடி வெளியே வரும்.

மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து கடிகாரம் விற்ற பி.ஆர் அண்டு சன்ஸ், வெள்ளி வேலைக்கும் பேர்போனது. தெய்வ உருவங்களைப் புடைப்பாக அடித்த அந்தப் பாணி வெள்ளிப் பொருள்கள் ‘சுவாமி’ வேலைப்பாடு என்ற பெயரில் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களிடம் இன்றும் மதிப்போடு இருக்கின்றன. அந்தக் கைத்திறன் இங்கேயே இருந்தது. இன்றும் மாதிரி ஒன்றைக் கொடுத்தால், தெரிந்த பத்தர் வெள்ளியில் டை பின் செய்து தந்துவிடுவார். சுமார் பத்துக் கிராம் வெள்ளியும் கூலியும்தான் செலவு. ஒரு காம்போ பெட்டியைவிடக் கொஞ்சம் கூடலாம். ஆனால் அது வெள்ளி. எடைக்கு விலை எப்போதும் உண்டு.

கைக்கடிகாரம் என்றால் எச்.எம்.டி.யைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1953-ல் பெங்களூரில் தொடங்கிய இந்தப் பொதுத்துறை நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு 1961-ல் கைக்கடிகாரத் தயாரிப்பில் இறங்கியது. சாவி கொடுத்து ஓடும் ஜனதாவும், கறுப்பு முகத்தோடு வந்த பைலட்டும் லட்சக்கணக்கான அரசு ஊழியர்களின், ஆசிரியர்களின் மணிக்கட்டில் இருந்தன. நம் ஓசூரில் டைட்டன் ஆலை வந்து, குவார்ட்ஸ் கடிகாரங்கள் பெருகியபின் அந்தக் காலம் முடிந்தது. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்தது.

மூடியதும் விலை ஏறியது, கூடவே ஏமாற்றும் பெருகியது. இணையத்தில் ‘அரிதான விண்டேஜ் எச்.எம்.டி.’ என்று விற்கப்படுபவற்றில் பல, பழைய இயந்திரத்துக்குமேல் புதிதாக வண்ணம் அடித்த டயலை வைத்துத் தைரியமாக அனுப்பப்படுபவை. கண்டுபிடிப்பது கடினமில்லை. பூதக்கண்ணாடியில் டயலின் அடிப்பகுதிச் சிற்றெழுத்துகளைப் பார்க்க வேண்டும். ஆலையில் அச்சிட்ட எழுத்து அரிசி முனை அளவிலும் கூர்மையாக இருக்கும். புதுப்பித்த டயலில் மை பரவி, எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். நிமிடக் கோடுகள் விளிம்போடு சேராமல் கோணலாக நிற்கும். அரை நூற்றாண்டு ஆன கடிகாரத்தின் முகம் மட்டும் புத்தம்புதிதாக ஆரஞ்சிலும் பச்சையிலும் ஜொலித்தால் சந்தேகப்பட வேண்டும். இலேசாக மஞ்சள் பூத்த அசல் டயல் எவ்வளவோ மேல்.

தொடவே கூடாதவை

பழமை என்ற பெயரில் வாங்கக் கூடாத பொருள்களும் உண்டு. முதலாவது புலிநகம். ஒரு காலத்தில் பெருமையாகக் கழுத்தில் தொங்கிய புலிநகச் சங்கிலி, 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று குற்றப்பொருள். 2023 அக்டோபரில் கன்னடத் தொலைக்காட்சி ரியாலிட்டி நிகழ்ச்சி ஒன்றின் போட்டியாளர், புலிநகப் பதக்கம் அணிந்திருந்ததற்காக நிகழ்ச்சி நடந்த வீட்டிலிருந்தே கைது செய்யப்பட்டார். தண்டனை மூன்றிலிருந்து ஏழு ஆண்டுச் சிறைவரை போகலாம். யானைத் தந்தத்தில் செய்த கஃப்லிங்க், சட்டைப் பொத்தான் ஆகியவற்றை வாங்குவதும் விற்பதும் இதே சட்டத்துக்குள் வரும். ‘எங்கள் தாத்தா காலத்தது’ என்ற விளக்கம் விற்பனைக்கு அனுமதி ஆகாது. அந்த விலங்குகளுக்கு நாம் பட்ட கடனும் சின்னதில்லை. இதில் சமரசத்துக்கு இடமே இருக்கக் கூடாது.

இரண்டாவது, இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசிய பழைய கடிகாரங்கள். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் கலந்த வண்ணம் தீட்டினார்கள். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிய அமெரிக்கத் தொழிலாளிப் பெண்கள் பலர் தாடை எலும்பு அரித்து உயிரிழந்தார்கள். ரேடியம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டு ஆகும். எனவே ஒளிர்வது நின்றுபோன கடிகாரத்திலும் கதிர்வீச்சு இருக்கும். கண்ணாடி மூடிய நிலையில் காட்சிக்கு வைக்கலாம். வீட்டில் திறந்து சுரண்டக் கூடாது.

நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருளுக்கு இன்னொரு சட்டமும் பொருந்தும். 1972-ன் தொல்பொருள் சட்டத்தின்கீழ் அப்படிப்பட்ட பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் பேரனுக்குக் கொள்ளுத்தாத்தாவின் வேலைப்பாட்டுப் பெட்டியைப் பார்சல் அனுப்பும் முன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

வெயிலும் வெள்ளைக்காரனும்

இந்த ஊர் வெயிலுக்கு டையே எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஜப்பானிலேயே 2005-ல் அரசாங்கம் ‘கூல் பிஸ்’ திட்டத்தைக் கொண்டுவந்து, கோடைக்காலத்தில் அலுவலகத்துக்கு டையும் கோட்டும் வேண்டாம் என்றது; ஏர்கண்டிஷனரைக் குறைத்து மின்சாரத்தைச் சேமிப்பது நோக்கம். தமிழ்நாட்டில் 2014-ல், வேட்டி கட்டிவந்ததற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னை கிளப் ஒன்று உள்ளே விட மறுத்தபோது பெரும் கொந்தளிப்பு எழுந்தது. அதே ஆண்டு சட்டமன்றம் சட்டம் இயற்றி அப்படிப்பட்ட தடையைக் குற்றமாக்கியது. யாருடைய கழுத்திலும் டையைத் திணிக்க ஒருவருக்கும் உரிமை இல்லை என்பது நல்ல முடிவு.

அந்த முடிவுக்குப் பிறகுதான் டைக்கு உண்மையான மரியாதை வர முடியும். கட்டாயமாக இருந்தவரை அது சீருடை. விரும்பினால் கட்டலாம் என்றாகிவிட்டதால், கட்டுகிறவர் ரசித்துக் கட்டலாம், நல்ல பின்னைத் தேடி மாட்டலாம். டை பிடிக்காதவர் வேட்டி சட்டையில் ஜிப்பாப் பொத்தான், சாவி கொடுக்கும் கடிகாரம், பாக்கெட்டில் ஒரு மை ஊற்றும் பேனா என்று இருக்கலாம். திருவள்ளூரிலும் ஆந்திராவின் ராஜமுந்திரியிலும் கையால் கடைந்த பேனாக்கள் இன்றும் செய்யப்படுகின்றன. இவை எதுவும் வெள்ளைக்காரனைப் பார்த்துச் செய்யும் நகல் ஆகாது. நன்றாகச் செய்த பொருளை மதிக்கும் பழக்கம் எந்த நாட்டுக்கும் சொந்தம்.

பராமரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்டி வெள்ளியைத் திருநீறு தொட்டு மெல்லிய துணியால் துலக்கலாம். வீட்டுக் குத்துவிளக்குக்குச் செய்வதுதான். முலாம் பூசியதை அப்படித் தேய்த்தால் பூச்சு போய்விடும். ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் போதும். புளியும் எலுமிச்சையும் பித்தளைப் பாத்திரத்தோடு நிற்கட்டும். கல் பதித்த பின்னுக்கு அவை ஆகாது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடிபோன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று வெள்ளியைச் சீக்கிரம் கறுக்கவைக்கும். காற்றுப் புகாத சிறு பையில் போட்டுவைப்பது நல்லது. சாவி கொடுக்கும் கடிகாரத்தைச் சில ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து எண்ணெய் போடக் கொடுக்க வேண்டும். உள்ளே எண்ணெய் காய்ந்த நிலையில் ஓட்டினால் சக்கரங்கள் தேய்ந்துவிடும்.

அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள்தான் இன்று குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒற்றைக் கண்ணில் லென்ஸ் மாட்டி, பழைய கடைத்தெருவில் ஒரு சதுர மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்க்காரருக்கு இப்போது வரும் வேலை பெரும்பாலும் பேட்டரி மாற்றுவதும் ஸ்டிராப் போடுவதும்தான். அவருக்குப் பின் அந்த மேசையில் உட்கார யாரும் இல்லாத கடைகள் பல. பழைய பொருளை நேசிப்பவர்கள் அதைச் சரிசெய்பவர்களுக்கும் வேலை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் சில ஆண்டுகளில் நல்ல கடிகாரங்கள் இருக்கும், ஓடவைக்க ஆள் இருக்காது.

எனவே, வரும் முகூர்த்த மாதத்துக்கு மாப்பிள்ளை கோட் எடுக்கப் போகிறவர்கள் காம்போ பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். புறப்படும் முன் வீட்டுப் பீரோவின் உள் அறையையும் லாக்கரையும் ஒருமுறை திறந்து பாருங்கள். தாத்தாவின் கடிகாரம் கிடைத்தால் ஊரில் இருக்கும் வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் இந்த வாரமே சர்வீசுக்குக் கொடுங்கள். தங்கப் பொத்தான் கிடைத்தால் உருக்க எடுத்துப் போகாதீர்கள், அதற்கேற்ற காஜாவோடு சட்டை தைக்கச் சொல்லுங்கள். டை பின் மட்டும் வேண்டுமென்றால் டையின் அகலத்தை அளந்து எடுத்துக்கொண்டு பத்தரிடம் போய், ஒரு வெற்று வெள்ளிப் பட்டை செய்யக் கொடுங்கள்.